பாட்டுகள் இருந்த இடம்

திருச்சிராப்பள்ளி உறையூரில் பாண்டமங்கலத்துச் சொந்த வீட்டில் வசிப்பவரும், காலஞ்சென்ற சீனிவாசகம் அவர்களின் மூத்த குமாரரும், அரசு அலுவலகப் பதிவறையில் ஆயுளின் நல்ல பாதியைக் கழித்துக் கறைபடாத பெயருடன் ஓய்வு பெற்றவரும், கணினி என்னும் கருவியை எந்த வகுப்புக்கும் போகாமல், எவர் முன்னும் கைகட்டி நில்லாமல், தாமே புத்தகம் வாங்கிப் படித்துத் தேர்ந்தவருமாகிய சீ. மாசிலாமணி அவர்கள், தமது எழுபத்து மூன்றாம் வயதில், காணும் பொங்கலன்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கூடத்து மேசை முன் அமர்ந்து, திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு நகர்வதாகத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் நின்றது. கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நூலளவு வளர்ந்திருந்தது. பேத்தி இனியாவும் அப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வாய் இறங்காது, முகத்தைத் திருப்பிக்கொண்டால் தட்டு காலியாகிவிடும். ஆகவே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு ஓய்ந்து கிடந்தது. மகன் குமரகுரு தன் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிய தூக்குகளோடு முக்கொம்புக்குப் போய்விட்டான்; ஊரே இன்று அங்கேதான் இருக்கும், காவிரிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. அம்சவேணி மட்டும் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். காலையில் வாசல் நிறையக் கோலம் போட்டபோது இல்லாத முழங்கால் வலி பத்து மணிக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் அவர் இல்லை. எல்லோரும் போனால் நல்லது, அவளும் போனால் இன்னும் நல்லது என்று எண்ணியிருந்தவருக்கு அவள் தங்கிவிட்டது ஒரு முள்ளாக உறுத்தியது. அடுக்களையில் பாத்திரம் ஒன்று கழுவி வைக்கப்படும் ஓசை கேட்டது. பச்சைக் கோடு இன்னொரு நூல் வளர்ந்தது. அதற்குக் கீழே, கண்டெடுக்கப்பட்ட கோப்புகள் என்ற இடத்தில் இன்னும் சுழியம்தான் இருந்தது.

சுழியம். முப்பது வருஷம் பதிவறையில் இருந்தவனுக்கு இந்த எண்ணைப் பார்க்க நேரிட்டதே என்று அவர் உள்ளம் தன்னையே குத்தியது. மூன்றாண்டுக் கோப்பு, பத்தாண்டுக் கோப்பு, நிரந்தரக் கோப்பு என்று பிரித்து, காலம் கடந்தவற்றை எடுத்து, அதிகாரி ஒருவர் கையெழுத்து, மேலதிகாரி ஒருவர் கையெழுத்து, இரண்டும் இல்லாமல் ஒரு காகிதத்தைக் கூடக் கிழிக்க விடாதவர். கரையான் அரித்த காகிதக் கட்டைக் கூட உத்தரவு வரும் வரை துணியில் சுற்றி வைத்திருந்தவர். அந்தக் கை, அதே கை, போகியன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வெயிலில், கையெழுத்தும் இல்லாமல் உத்தரவும் இல்லாமல் அவ்வளவையும் அழித்தது. போகி வந்தால் அம்சவேணி வீட்டைக் கழுவுவாள், பரணிலிருந்து பாய்களை இறக்குவாள். அவர் கணினியைக் கழுவுவார். ஓய்வு பெற்ற பின் தாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். வேண்டாத படங்கள், இருமுறை சேமித்த கோப்புகள், யாரோ அனுப்பிய வாழ்த்துகள் எல்லாவற்றையும் களைந்து, மாலையில் பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டும்போது கணினியும் குளித்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார். இந்த ஆண்டு இடம் போதாது என்று கணினி சிவப்புக் கட்டம் காட்டிக்கொண்டிருந்தது. பாட்டுகள் இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டார். ஒன்று உள்ளே, பெரிய அறையில். ஒன்று முகப்பில், அம்சவேணி எளிதாகத் தொடுவதற்கென்று அவரே வைத்த பிரதி. ஒரே வீட்டில் ஒரே பொருள் இரண்டு எதற்கு? முகப்பில் இருப்பதை அவள் தொடுவாள், அது இருக்கட்டும். உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். எடுத்தார். குப்பைத் தொட்டியில் கொள்ளாத அளவு பெரியது, நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. என்ன மரியாதையாகக் கேட்டது! பியூன் கூட அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. ஆம் என்றார். பிறகு முகப்பில் இருந்த பிரதியைத் தொட்டார், வெற்றியைக் கொண்டாட ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று. தொட்டபோதுதான், இது சுட்டும் பொருள் இருந்த இடத்தில் இல்லை என்று ஒரு சிறு கட்டம் வந்தது. பிரதி என்று நான்கு ஆண்டுகளாக அவர் நம்பியது பிரதி அல்ல. உள்ளே இருப்பதற்கு வழி காட்டும் ஒரு கைகாட்டி மரம். அதன் மூலையில் வளைந்த அம்பு ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. அழகுக்கு இருக்கிறது என்று எண்ணியிருந்தார். ஊரை இடித்துவிட்டுக் கைகாட்டியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்ட புத்திசாலி. தாமே கற்றுத் தேர்ந்தவர்.

கோடு வளர்ந்தது. சுழியம் அப்படியே நின்றது. பாட்டுகள் போனால் என்ன, என்று குமரகுரு சொல்வான், அவனுக்குத் தெரிந்தால். எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்குப்பா, பேரைச் சொன்னா அதுவே பாடும். உண்மைதான். பேரைச் சொன்னால் பாடும், அந்தக் கறுப்புச் சில்லுக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, ஆனால் அதற்குள் பாண்டமங்கலத்து அடுக்களை இல்லை. ஓய்வு பெற்ற புதிதில் வீட்டு ஒலிநாடாக்களை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று அவர் முனைந்தபோது, டேப் ரிக்கார்டரிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போட்டால் போதும் என்பது புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் இருந்தது, அவர் அதுவரை வந்திருக்கவில்லை. ஆகவே டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்து, அதன் வாய்க்கு நேரே கணினியின் ஒலிவாங்கியை நிறுத்தி, சத்தமாகப் பாடவிட்டார். பாட்டு ஏறியது. பாட்டோடு வீடும் ஏறியது. குக்கர் விசில் ஏறியது, அதுவும் சரியாகப் புல்லாங்குழல் வரும் இடத்தில். பால்காரர் மணி ஏறியது. மாடியில் யாரோ கட்டிலை இழுத்தது ஏறியது. நாதஸ்வரம் உச்சிக்குப் போகும்போது கீரைக்காரி முருங்கைக்கீரை என்று நீட்டியது ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே, அடுக்களையிலிருந்து, அம்சவேணி பாடியது ஏறியது. அவள் பாட்டுக்காரி அல்லள், யாரிடமும் கற்றவள் அல்லள், எந்தப் பாட்டானாலும் பாடுபவரை விட அரை அடி முன்னால் போய்விடுவாள்; பாட்டு எங்கே திரும்பப்போகிறது என்பது தனக்குத் தெரியும் என்று காட்டுவதைப் போல, பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் இவள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுவாள். தாளிக்கும் ஓசை, அதன்மேல் அந்தக் குரல், கனமும் இல்லாமல் கீச்சும் இல்லாமல், கழுவிய வெண்கலத் தட்டைத் தட்டியதைப் போன்ற குரல். அதைக் கேட்டு அன்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பதிவு கெட்டுப்போகிறது, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று கத்தியது கூட ஒரு பதிவில் இருக்கிறது. இருந்தது. அதற்கு அவள் சொன்ன பதிலும், என் வீட்டு அடுக்களையில நான் பாடுவேன், உங்க மெஷின் காதைப் பொத்திக்கட்டும் என்றது, அதுவும் இருந்தது. கம்பி வந்த பின் ஏறிய பாட்டுகள் எல்லாம் தூய்மையானவை, ஈ பறந்த ஓசை கூட இல்லாதவை, அவற்றைத்தான் வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். முதலில் ஏறியவற்றை வெட்கத்தோடு தனியே ஒரு மூலையில் வைத்தார். அழிக்கலாம் என்று எத்தனையோ முறை எண்ணி, அழிக்காமல் விட்டார், பதிவறைக் கை.

பிறகு அந்தக் கழுத்துக் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், அறுவைதான் வழி என்றார்கள், குரலுக்குப் போகும் நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது சோர்ந்துவிடும் என்று டாக்டர் முன்பே உட்கார வைத்துச் சொன்னார், நல்ல மனிதர், படம் போட்டுக் காட்டினார். அம்சவேணி தலையாட்டினாள். உயிர் நின்றது. குரல் சோர்ந்தது. இப்போது அவள் பேசினால் காய்ந்த வாழைச்சருகு ஒன்றோடொன்று உரசுவதைப் போல இருக்கும்; நெருக்கத்தில் புரியும், தெருவிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. கீரைக்காரியை இப்போது கைதட்டித்தான் நிறுத்துகிறாள். அவள் அழவில்லை, அல்லது அவர் பார்க்க அழவில்லை. சிரித்தாள். இனிமே உங்க மெஷினுக்குத் தொந்தரவு இல்லை என்று சருகுக் குரலில் சொன்னாள். அந்த வேடிக்கைக்கு அவரால் சிரிக்க முடியாமல் போனது, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அது கழிந்து ஓராண்டு இருக்கும், நூலகத்துக்குப் போனவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாட்டு. பாட்டின் மேல், அரை அடி முன்னால், அம்சவேணி. ஒரு கணம் குரல் திரும்பிவிட்டது என்றே எண்ணிவிட்டார். அடுத்த கணம் குக்கர் விசிலடித்தது, அடுப்போ அணைந்து கிடந்தது. அவள் அந்த நாற்காலியில், இதே நாற்காலியில், புடைவைத் தலைப்பால் வாயை மூடியபடி, திரைக்கு நேரே குனிந்து உட்கார்ந்து, தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய அம்சவேணி பாடப் பாட இப்போதைய அம்சவேணியின் தொண்டை துணிக்குள் மெல்ல அசைந்தது. அவர் செருப்பை ஓசைப்படாமல் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கிருந்து இருமிக்கொண்டே திரும்பி வந்தார். வந்தபோது கணினி அணைந்திருந்தது, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் நாள்தோறும் மூன்று மணிக்கு அவருக்கு வெளியே ஏதாவது வேலை இருக்கும். அவளுக்கும் அது தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் உள்ளே தேடி அலைய வேண்டாம் என்றுதான் முகப்பில் அந்தப் பிரதியை வைத்தார். பாதுகாப்புக்கும் ஆயிற்று, ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்றுதான். அன்பினால் செய்த காரியம் அல்லவா அது? அதுவே கழுத்தை அறுத்தது. இல்லை, கழுத்தை அறுத்தது என்ற சொல் வேண்டாம், அந்தச் சொல் இந்த வீட்டில் வேண்டாம்.

கண்டெடுக்கப்பட்ட கோப்புகள், ஒன்று. அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஒன்று என்பது எது? கோடு சொல்லவில்லை. ஒன்று, பிறகு ஏழு, பிறகு ஏழிலேயே நின்றது. சாலை ரோட்டில் கணினி பழுது பார்க்கும் காஜா மைதீன் சொல்லியிருந்தான், ஐயா, நம்பர் ஏறும், நிக்கும், ஏறும், நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிங்க என்று. போகியன்று மாலை மொட்டை மாடிக்குப் போய், பக்கத்து வீட்டுப் புகைக்கு நடுவே நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தார். ஒரு நண்பருக்கு இப்படி ஆகிவிட்டது என்றுதான் தொடங்கினார். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, உங்க ஃபிரண்டு அந்தக் கம்ப்யூட்டரை இப்பவே அணைச்சிடட்டும் ஐயா, அதுல புதுசா ஒண்ணும் எழுதக் கூடாது, அழிச்சாப் பேர்ப்பலகையைத்தான் கழட்டறோம், ஆள் உள்ளேயேதான் இருப்பாரு, வேற யாராவது குடிவர்ற வரைக்கும் என்றான். வேற யாராவது குடிவர்ற வரைக்கும். அந்த வாக்கியம் மூன்று நாளாக அவர் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. பொங்கல் பொங்கி வழிந்தபோது குழந்தை பொங்கலோ பொங்கல் என்று கூவ, அவரும் வாயசைத்தார், மனம் மேசைக்கடியில் அணைந்து கிடந்த பெட்டியில் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் குமரகுரு போனையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் செய்வது அது, ஓசூரில் ஓராண்டு முழுக்க எடுத்த படங்களை எல்லாம் அப்பாவின் கணினியில் கொட்டிவிட்டுப் போவான். பொத்தானை அழுத்தினான். கணினி விழித்தது, விசிறி சுற்றியது. இத்தனை இடம் காலியாக் கிடக்கேப்பா, போன வருஷம் இடமே இல்லையே என்றான். காலியாகக் கிடக்கிறது என்றான். குடிவருகிறேன் என்றான் பெற்ற மகன், பேர்ப்பலகை கழன்ற வீட்டுக்கு, பெட்டி படுக்கையோடு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்பான். சொன்னால் மருமகள் தாரணி காதிலும் விழும், கைகாட்டி மரத்தைப் பிரதி என்று நம்பிய கதை. எடுத்த வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் அம்சவேணி ஈரக்கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு வந்து, சுவரோரம் குனிந்து, பிளக்கை அப்படியே பிடுங்கினாள். திரை இருண்டது. நல்ல நாளும் அதுவுமா இது எதுக்குடா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்ல உக்காரு என்றாள் சருகுக் குரலில். ம்மா, அப்படியெல்லாம் புடுங்கக் கூடாதும்மா, கெட்டுப் போயிரும் என்று அவன் பதறினான், அப்பா, சொல்லுங்கப்பா என்றான். பிளக்கைப் பிடுங்குபவர்களுக்கு அரைமணி நேரம் பாடம் எடுக்கும் மாசிலாமணி, அம்மா சொன்னாச் சரிதான் என்று ஈனசுரத்தில் சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடினார். முருகனாகப் பார்த்து அவளை அனுப்பினான் என்று எண்ணிக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, கணினி என்றாலே பண்டிகை நாளில் அவளுக்கு ஆகாது, அதுதான்.

மாட்டுப் பொங்கல் மாலையில் காஜா மைதீன் வீட்டுக்கே போய் அழிந்ததைத் தேடியெடுக்கும் நிரல் போட்ட ஒரு பென்டிரைவையும், கிடைப்பதை இறக்கி வைக்க வெளியே இருந்து மாட்டும் ஹார்டுடிஸ்க் ஒன்றையும் வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, மேலே ஒரு சீப்பு பூவன் பழத்தை வைத்து எடுத்து வந்தார். உங்க ஃபிரண்டுக்குக் கிடைச்சிரும் ஐயா, கவலைப்படாமத் தூங்குங்க என்றான் அவன், ஃபிரண்டு என்ற சொல்லில் சிரிப்பு ஒட்டியிருந்தது. தூங்கவில்லை. இப்போதும் கண் எரிகிறது. எண் இருநூறைத் தாண்டிவிட்டது, ஆனால் எண் எதற்கு? எதைக் கண்டெடுத்தாய் என்று கேட்டால் வாய் திறக்காத கோடு. தூய்மையான பாட்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த மூலையை மட்டும் விழுங்கிவிட்டால்? குமரகுரு விழிக்க வைத்த அந்தச் சில நிமிடத்தில் கணினி தனக்குத்தானே ஏதாவது எழுதியிருந்தால், எழுதிய இடம் சரியாக அவள் தொண்டையாக இருந்தால்? நாளை மூன்று மணிக்கு அவர் வெளியே போவார், போகாமல் இருந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும், அவள் நாற்காலியில் உட்கார்ந்து அம்புக்குறியைத் தொடுவாள், கட்டம் வரும். அந்தக் கட்டத்தின் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. இருந்த இடத்தில் இல்லை என்பது புரிய ஆங்கிலம் எதற்கு? இரண்டாம் முறையாக அவளுக்குக் குரல் போகும், முதல் முறை நோய், இரண்டாம் முறை தாலி கட்டியவன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று அன்று கத்தியவன் கடைசியில் சொன்னதைச் செய்து முடித்துவிட்டான் என்று அவள் நினைக்க மாட்டாள், அவள் அப்படி நினைப்பவள் அல்லள். அதனால்தான் அவர் நினைத்தார். வாசலில் ஒரு வேன் ஆரனடித்துக்கொண்டு முக்கொம்புப் பக்கம் போனது. மின்விசிறி ஒரு நொடி தயங்கியது. ஐயோ, கரண்ட். தயங்கிய விசிறி மறுபடி சுற்றியது, கோடு சாகவில்லை. அசையாதே, அசையாதே என்று தம்மையே அடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த விதம் எங்கோ முன்பே உட்கார்ந்த விதமாகத் தோன்றியது. எங்கே? இதே கூடத்தில். குமரகுரு தவழும் பருவம். அம்சவேணியின் மூக்குத்தித் திருகு விழுந்துவிட்டது. எறும்புத் தலையளவு திருகு. அவள் கூடத்து நடுவில் நின்றபடி கையை உயர்த்தி, யாரும் அசையாதீங்க என்றாள், அந்த நாளின் வெண்கலக் குரலில். துடைப்பத்தோடு வந்த வேலைக்காரம்மாவை வாசற்படியிலேயே நிறுத்தினாள். தவழ வந்த குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அவள் மட்டும் ஓரத்திலிருந்து, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, வெளிச்சம் படும் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெருக்கினாப் போச்சு, மிதிச்சாப் போச்சு, சும்மா விட்டா அது எங்க போகும் என்று அவள் முணுமுணுத்ததும், பாய்க்கோரையின் இடுக்கில் அது மினுக்கியதும், குழந்தை அவர் தோளில் ஒன்றுக்குப் போனதும் நினைவுக்கு வந்து, இந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வாயில் இருக்கும்போதே கோடு முழுவதும் பச்சையாகி, ஒரு சிறு மணி அடித்து, வேலை முடிந்தது என்றது.

கண்டெடுத்தவற்றை எல்லாம் வெளி டிஸ்கில் இறக்கச் சொல்லிவிட்டு, இறங்கியவற்றின் பட்டியலைத் திறந்தார். ஒன்றுக்கும் பெயர் இல்லை. பேர்ப்பலகை கழன்ற வீடு என்று காஜா மைதீன் சொன்னது வெறும் பேச்சல்ல. ராகம், படம், ஆண்டு, முதல் வரி என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து அவர் சூட்டிய பெயர்கள் அத்தனையும் போய், எண்கள் மட்டும், சிறைக்கைதிகளைப் போல வரிசையாக நின்றன. எந்த எண்ணுக்குள் யார்? ஒன்றைத் திறந்தார். நாதஸ்வரம், நடுவில் அறுந்து இரைச்சலாயிற்று. அது யார் வீட்டுக் கல்யாணமோ, போகட்டும். இன்னொன்றைத் திறந்தார். தூய்மையான மழைப் பாட்டு, ஈ பறந்த ஓசை கூட இல்லாதது, அவருடைய பெருமை, அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது, போதும், நீ போ என்று நிறுத்தினார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் சுத்தம், எல்லாம் ஊமை. குக்கரே, எங்கே போய்விட்டாய்? கீரைக்காரியே, எங்கே போய்விட்டாய்? அடுத்த எண்ணைத் தொட்டார். முதலில் இரைச்சல், நீண்ட இரைச்சல், இதுவும் அறுந்ததுதான் என்று நிறுத்தப் போனார். இரைச்சல் அல்ல அது, கடுகு. கடுகு வெடித்தது. எங்கோ தொலைவில், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல, வயலின்கள் தொடங்கின. பாடகி வருவதற்குள், அரை அடி முன்னால், அவள் வந்துவிட்டாள். அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அசையாமல், ஒற்றைக் காலில் நிற்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். முதல் சரணம் முடிந்தது. பாட்டை நடுவில் விட்டுவிட்டு அந்தக் குரல், தெருமுனை வரை கேட்கும் குரல், அடுக்களையிலிருந்து அழைத்தது: என்னங்க, காப்பி ஆறுது, அந்தப் பெட்டிய விட்டு எந்திரிங்க.

"அன்னைக்கும் ஆறினதைத்தான் குடிச்சீங்க" என்றது முதுகுக்குப் பின்னால் சருகுக் குரல்.

திரும்பினார். அம்சவேணி டம்ளரும் டபராவுமாக நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. டபராவின் மேல் ஆவி இல்லை. முழங்கால் வலிக்காரி நேராகத்தான் நின்றாள். பெட்டிக்குள் இருந்தவள் இரண்டாம் சரணத்தைத் தொடங்கிவிட்டாள். நிறுத்துவதற்கு அவர் கை நீண்டது. வேண்டாம் என்று இவள் தலையசைத்தாள்.

"கிடைச்சுதா?" என்றாள்.

எது கிடைத்ததா என்று கேட்டு இன்னும் சற்று நேரம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம் வந்தது, அதுவே வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். போகிச் சாயங்காலமே தெரியும் என்றாள். அவர் புகைக்குள் நின்று போன் பேச மாடிக்குப் போனாரே, அப்போது தொட்டுப் பார்த்தாளாம், கட்டம் வந்ததாம். கீழே இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மீதியும் தெரிந்ததாம். அவர் நாற்காலியில் சற்றுக் குறுகினார். மூன்று நாள். மூன்று நாளாக அவளும் இந்தக் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு பொங்கலைக் கிண்டியிருக்கிறாள், குழந்தைக்குக் கரும்பு சீவிக் கொடுத்திருக்கிறாள், மருமகளோடு முக்கொம்புக்குப் போகாமல் கால் வலி என்றிருக்கிறாள், இவருக்கு வீடு காலியாக வேண்டும் என்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் அந்தப் பிளக்? பண்டிகை நாள் என்று பிடுங்கினாயே, அது?

அவள் டபராவை மேசைமேல் வைத்தாள், வெளி டிஸ்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, கவனமாக. "மூக்குத்தித் திருகு விழுந்து கிடக்கையில வீட்டைப் பெருக்க விடுவாங்களா யாராச்சும்?" என்றாள். "உங்களுக்கே பேச்சு வரலை. எனக்கு வேற என்ன தெரியும், புடுங்கிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வேண்டும் என்று தேடினார். நாற்பதாம் பக்கம், எழுபதாம் பக்கம், எந்தப் பக்கத்திலும் அது இல்லை. தாமே கற்றுத் தேர்ந்தவர் எழுந்து நின்று நாற்காலியை அவளுக்குத் தள்ளிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். புடைவைத் தலைப்பு வாய்க்குப் போகவில்லை, மடியிலேயே இருந்தது. பெட்டிக்குள் பாடகி மூச்சு வாங்கினாள், பழைய அம்சவேணி அடுத்த வரியைப் பிடித்தாள், அவளுக்கும் ஓர் இழை முன்னால் நாற்காலியில் இருந்தவளின் சருகு எழும்பிற்று, சுருதி இல்லை, குரலும் இல்லை என்று சொல்லலாம், ஆனால் வரி தப்பவில்லை. மூவரும் அந்தப் பாட்டைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர் நின்றுகொண்டே ஆறிய காப்பியைக் குடித்தார். சர்க்கரை கூடுதலாக இருந்தது, அதைச் சொல்லவில்லை.

இதற்கு முன்பு வைத்திருந்த பேர் ஞாபகமில்லை, ராகமும் ஆண்டும் போட்டிருந்தேன், இப்போது என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டார். ராகமா, அது பாடறவங்களுக்கு, இதுக்கு ஆறின காப்பின்னு வைங்க என்றாள் அவள். வேறு நாளாக இருந்தால் ஒரு வாதம் செய்திருப்பார். குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கைநீட்டி, எண்ணை அழித்துவிட்டு, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், ஆறின காப்பி என்று தட்டி எழுதினார். மற்றவற்றுக்கும் இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும், இருவருமாக உட்கார்ந்தால் ஆவணி வரை ஆகும், ஆகட்டும். இனி மூன்று மணிக்கு அவருக்கு வெளியே எந்த வேலையும் இல்லை. வாசலில் கார் வந்து நின்றது. குழந்தை காவிரியின் மணலோடு இறங்கி ஓடிவரும் காலோசை கேட்டது. பேர்ப்பலகை மாட்டப்பட்ட அந்த முதல் கோப்பை நிரந்தரக் கோப்பு என்று மனத்துக்குள் பதிந்து, கீழே இரண்டு கையெழுத்துக்கும் ஆள் இருக்கிறது என்று சரிபார்த்துக்கொண்டு, மாசிலாமணி அவர்கள் காலி டம்ளரை மேசைமேல் வைத்தார். அவ்வளவில், போகியன்று தொடங்கிய இவ்விஷயம், சோபகிருது ஆண்டு தை மாதம் மூன்றாம் நாள், புதன்கிழமை, காணும் பொங்கலன்று தீர்ந்தது.